பெட்ரோல் புல்வெட்டி: பாதுகாப்பாக இயக்கவும் பராமரிக்கவும்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் தமிழகத்தில் புல் விரைந்து வளர்கிறது. பள்ளி வளாகங்கள், தேவாலயத் தோட்டங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களின் பழைய பங்களாக்கள் எனப் பல இடங்களில் பெட்ரோல் புல்வெட்டியின் ஓசை அப்போது கேட்கத் தொடங்கும். நான்கு சக்கரங்கள், ஒரு கைப்பிடி, அடியில் ஒரு தகட்டுக் கூடு, கூட்டுக்குள் சுழலும் கத்தி என்று அமைந்த, பின்னால் நடந்து தள்ளிச் செல்லும் இயந்திரம் அது. குழந்தையைத் தள்ளு வண்டியில் அழைத்துச் செல்வதுபோல எளிதாகத் தோன்றுவதால், அதற்குரிய அச்சத்தை நாம் அதற்குத் தருவதில்லை.

மருத்துவமனை மடலில் இயந்திரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். இந்த இயந்திரம் உண்டாக்கும் காயங்கள் ஏறத்தாழ அனைத்தும் தவிர்க்கக்கூடியவை என்பது முதற்காரணம். இதய அறுவை, நீரிழிவு, வலிப்பு, ஆஸ்துமா போன்ற காரணங்களுக்காக எங்களிடம் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோர் இதை இயக்கும்போது கூடுதலாக அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உள்ளன என்பது இரண்டாவது காரணம்.

கத்தியின் வேகம்

சாதாரணப் புல்வெட்டியின் கத்தி நுனிக்கு நுனி ஏறக்குறைய 53 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அது நிமிடத்திற்குச் சுமார் 3,000 முறை, அதாவது விநாடிக்கு 50 முறை சுழல்கிறது. ஒரு சுற்றில் கத்தியின் நுனி கடக்கும் தூரம் ஏறக்குறைய 1.67 மீட்டர். இவற்றைப் பெருக்கினால் நுனியின் வேகம் விநாடிக்கு 80 மீட்டருக்கு மேல், மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் என்றாகிறது. இந்த வேகத்தில் சுழலும் பொருளைக் கண் காண்பதில்லை. ஓடும் கத்தி இருக்குமிடம் வெற்றிடம்போலவே தெரியும்.

சமையலறை அரிவாள்மனையால் ஏற்படும் வெட்டு நேர்க்கோட்டில் அமையும். அதைக் கழுவித் தைத்துவிடலாம். புல்வெட்டியின் காயம் அத்தகையதன்று. கத்தி தசையை அறுப்பதோடு நில்லாமல் எலும்பை நொறுக்குகிறது. மண், புல், சாணத்துகள், செருப்பின் ரப்பர், துணியின் இழை ஆகிய அனைத்தையும் சதைக்குள் ஆழமாகச் செலுத்திவிடுகிறது. இதனால் பல வேளைகளில் அக்காயத்தை உடனே தைத்து மூட முடியாது. மயக்க மருந்து கொடுத்து, செத்த திசுக்களை நீக்கி, கழுவி, திறந்தபடியே வைத்து, ஓரிரு நாட்கள் கழித்து மீண்டும் கழுவ நேரிடும். மண்ணில் வாழும் வில்வாத நுண்ணுயிரியின் வித்துகள் ஆழ்ந்த காயத்தில் காற்றுப் படாத இடத்தில் பெருகக்கூடியவை என்பதால் அதற்கான தடுப்பூசியும் தேவைப்படும்.

கத்தி தொடாமலேயே காயம் ஏற்படுவதும் உண்டு. புல்லுக்குள் கிடக்கும் சரளைக்கல், ஆணி, கம்பித்துண்டு, கொட்டாங்கச்சிச் சில்லு ஆகியவற்றைக் கத்தி வீசி எறிகிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். 20 கிராம் எடையுள்ள ஒரு சிறு கல் கத்தி நுனியின் வேகத்தை முழுமையாகப் பெற்றால், வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் எறியும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி அதற்கு வந்துவிடும். பந்து அந்த ஆற்றலை அகன்ற பரப்பில் செலுத்துகிறது. கல்லோ கூரிய ஒரு முனையில் செலுத்துகிறது. அந்த முனை கண்ணில் பட்டால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

கைப்பிடியில் உள்ள உயிர்க்காப்பு

தரமான புல்வெட்டியின் கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய கம்பி ஒன்று இருக்கும். அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் கத்தி சுழலும். கையை எடுத்தால் இயந்திரமோ கத்தியோ நின்றுவிடும். அமெரிக்காவில் 1982 ஜூன் மாதத்திற்குப் பின் தயாராகும், பின்னால் நடந்து இயக்கும் புல்வெட்டிகள் அனைத்திலும் கையை எடுத்த மூன்று விநாடிக்குள் கத்தி நின்றாக வேண்டும் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. இயந்திரம் வாங்கும்போது இந்த அமைப்பு உள்ளதா என்று கேட்டு, கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லிப் பார்ப்பது நன்று.

இந்தக் கம்பியைக் கைப்பிடியோடு சேர்த்துக் கயிற்றாலோ கட்டுக்கம்பியாலோ கட்டிவைக்கும் பழக்கம் சில இடங்களில் உள்ளது. கை வலிக்கிறது, ஒவ்வொரு முறையும் மீண்டும் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கிறது என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். அந்தக் கட்டு ஒருவரது காலின் விலையாக அமையக்கூடும். இயக்குபவர் வழுக்கி விழும் கணத்தில் அவர் கை இயல்பாகவே கம்பியை விட்டுவிடும். அந்த ஒரு கணத்திற்காகத்தான் அது பொருத்தப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டிலோ வளாகத்திலோ அது கட்டப்பட்டிருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள்.

மூன்று விநாடி என்பதும் நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். விநாடிக்கு 50 சுற்று என்ற வேகம் சீராகக் குறைந்து மூன்று விநாடியில் நின்றாலும், அதற்குள் கத்தி ஏறக்குறைய 75 முறை சுழன்றுவிடும். ஓசை அடங்கிய உடனே கையைக் கூட்டுக்குள் விடுவதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை.

யார் இயக்கலாம், யார் தவிர்க்க வேண்டும்

பின்னால் நடந்து இயக்கும் புல்வெட்டியை 12 வயதிற்குக் குறைந்தோரும், அமர்ந்து ஓட்டும் வகையை 16 வயதிற்குக் குறைந்தோரும் இயக்கலாகாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் அறிவுரை. நம் நாட்டில் 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு அமர்த்துவதே சட்டப்படி குற்றமாகும். தோட்டக்காரருடன் துணைக்கு வரும் மகனை ஒரு சுற்று தள்ளச் சொல்வதையும் நாம் தவிர்க்க வேண்டும். புல் வெட்டும் நேரத்தில் சிறுபிள்ளைகள் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். ஓடும் இயந்திரத்தின் ஓசையில், பின்னால் ஓடிவரும் குழந்தையின் காலடி இயக்குபவர் காதில் விழாது.

எங்களிடம் சிகிச்சை பெற்று வருவோர் பின்வருவனவற்றை நினைவில் கொள்க.

மார்பெலும்பைப் பிளந்து இதய அறுவை செய்துகொண்டவர்கள் ஏறக்குறைய மூன்று மாதம் வரை, எலும்பு இணைந்து உறுதிப்படும்வரை, இவ்வியந்திரத்தைத் தள்ளவோ அதன் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கவோ கூடாது. அந்த ஒரு திடீர் இழுப்பு மார்பின் இரு பாதிகளையும் எதிரெதிராக விலக்க முயலும். குடலிறக்கம் முதலான வயிற்று அறுவை செய்துகொண்டோர் தம் அறுவை மருத்துவரின் ஒப்புதல் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பேஸ்மேக்கர் அல்லது இதயத்துடிப்பைச் சீராக்கும் அதிர்வுக்கருவி பொருத்தப்பட்டவர்கள் கைப்பிடியைப் பிடித்து நிமிர்ந்து நடந்தபடி புல்வெட்டியை இயக்கத் தடையில்லை. ஆயின், ஓடும் இயந்திரத்தின் ஸ்பார்க் பிளக் பகுதிக்கும் மார்பில் உள்ள கருவிக்கும் இடையே குறைந்தது 30 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இயந்திரத்தின்மேல் குனிந்து, அது ஓடும்போதே எதையும் சரிசெய்யலாகாது. தலைசுற்றல் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு விலகிச் செல்க.

வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்குச் சிறு காயத்திலும் குருதி நெடுநேரம் கசியும். இயன்றவரை இவ்வேலையை வேறொருவரிடம் விடுவது நலம். காயம் நேர்ந்தால் ஆம்புலன்சில் வருவோரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இம்மருந்தின் பெயரே.

நீரிழிவால் பாதங்களில் உணர்வு குறைந்தோருக்குக் கல் குத்தினாலும் சைலன்சர் சுட்டாலும் வலி தெரியாது. வேலை முடிந்தபின் இரு பாதங்களையும் உள்ளங்கால் உட்பட வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோர் வெறும் வயிற்றில் இவ்வேலையைத் தொடங்கக் கூடாது. வெயிலில் தோன்றும் வியர்வையும் சர்க்கரை தாழ்வதால் தோன்றும் வியர்வையும் ஒன்றுபோலவே இருக்கும்.

வலிப்பு நோய் உடையோரும், தூக்கம் வரவழைக்கும் சளி, அரிப்பு மருந்துகளை அன்று உட்கொண்டோரும், மது அருந்தியோரும் இவ்வியந்திரத்தைத் தொடலாகாது.

ஆஸ்துமாவும் தோல் ஒவ்வாமையும் உள்ளோருக்குப் பார்த்தீனியம் பெரும் பகையாகும். புல்லோடு சேர்த்து அதை வெட்டினால் அதன் துகள்கள் காற்றில் பரவி முகம், கழுத்து, கைகளில் படிந்து அரிப்பை உண்டாக்கும். மூச்சிரைப்பையும் தூண்டும். அத்தகையோர் விலகியிருப்பதே முறை. மற்றவர்களும் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, வேலை முடிந்ததும் குளித்துவிட வேண்டும்.

தொடங்குமுன்

வேட்டி, லுங்கி, தொங்கும் துண்டு, சேலை முந்தானை ஆகியவை சுழலும் இயந்திரத்தின் அருகில் ஆகாதவை. கணுக்கால்வரை மூடும் முழுக்கால் சட்டையும், விரல்கள் மூடிய, வழுக்காத அடிப்பாகம் கொண்ட உறுதியான பூட்ஸும் தேவை. முன்பகுதியில் இரும்புத் தகடு வைத்த பாதுகாப்புக் காலணி சிறந்தது. ரப்பர்ச் செருப்பு பாதத்தைக் காக்காது. ஈரப்புல்லில் வழுக்கி, காலைக் கத்தியின் பக்கம் கொண்டுசெல்வதும் அதுவே.

கண்ணுக்குப் பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி அணிக. வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி இதற்குப் போதாது. காதுக்கும் காப்பு வேண்டும். இவ்வியந்திரத்தின் ஓசை பெரும்பாலும் 85 டெசிபெல்லைத் தாண்டும். ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாங்கத்தக்க எல்லை 85 டெசிபெல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 91 டெசிபெல்லில் எஞ்சுவது இரண்டு மணி நேரமே. வாரம் முழுதும் இதே தொழில் செய்பவர் காதடைப்பான் அணியாவிட்டால், சில ஆண்டுகளில் தம் பேரக்குழந்தையின் மழலை கேட்காத நிலைக்கு ஆளாகக்கூடும். அந்தக் கேள்வி இழப்பை மருந்தால் மீட்க முடியாது.

பிறகு, வெட்டப்போகும் இடம் முழுவதையும் ஒரு முறை நடந்து பாருங்கள். கல், கம்பி, எலும்புத்துண்டு, விளையாட்டுப் பொருள், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றை அகற்றுங்கள். புதைந்துள்ள குழாய் முனைகளையும் மரவேர்களையும் குச்சி நட்டு அடையாளமிடுங்கள். அடர்ந்த புல்லில் பாம்பு இருக்கக்கூடும் என்பதால் கையில் ஒரு நீண்ட கழி இருக்கட்டும். மற்றவர்கள் குறைந்தது 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஜன்னல்கள், நிறுத்திய வாகனங்கள், நடைபாதை ஆகியவற்றை நோக்கிப் புல் வெளித்தள்ளும் வாய் திரும்பியிருக்கக் கூடாது. அந்த வாய்க்குரிய மூடியோ புல் சேர்க்கும் பையோ இல்லாமல் இயந்திரத்தை இயக்கவே கூடாது.

வெட்டும்போது

ஈரப்புல்லை வெட்டுவதைத் தவிர்க்க வேண்டும். ஈரத்தில் கால் வழுக்கும். நனைந்த புல் கூட்டுக்குள் திரண்டு அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்கப் போகும்போதுதான் விரல்கள் போகின்றன. காலைப் பனி உலர்ந்தபின் தொடங்கி, உச்சி வெயிலுக்கு முன் முடித்துவிடுவது நல்லது.

சரிவான இடத்தில், பின்னால் நடந்து இயக்கும் புல்வெட்டியைச் சரிவுக்குக் குறுக்காகவே செலுத்த வேண்டும். மேலும் கீழுமாகச் செலுத்தலாகாது. மேல்நோக்கித் தள்ளும்போது கால் சறுக்கினால் இயந்திரம் நம்மீது வரும். கீழ்நோக்கித் தள்ளும்போது சறுக்கினால் நாம் இயந்திரத்தின் கீழே போவோம். 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் இவ்வியந்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள். கிடைமட்டத்தில் நான்கு மீட்டர் செல்வதற்குள் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்தால் அது அந்த அளவை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். மலையூர்த் தோட்டங்களில் இத்தகைய இடங்கள் மிகுதி. அங்கே அரிவாளே ஏற்ற கருவி.

இயந்திரத்தைத் தம் பக்கமாகப் பின்னோக்கி இழுப்பதுதான் பாதத்திற்கு மிகப் பெரிய ஆபத்து. மூலைகளில் திருப்ப வேண்டியிருந்தால் கம்பியை விட்டுக் கத்தியை நிறுத்திய பின் இழுங்கள். சரளைப் பாதையைக் கடக்கும்போதும், இயந்திரத்தை விட்டு ஓரடி நகரும்போதும் அவ்வாறே நிறுத்துங்கள். ஒரே முறையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதிருப்பது புல்லுக்கும் நல்லது, இயந்திரத்திற்கும் நல்லது. அடைப்பும் அதனால் குறையும்.

பெட்ரோலைக் கையாளுதல்

பெட்ரோல் மிகக் குறைந்த வெப்பத்திலும், பூச்சியத்திற்குக் கீழே 40 பாகை செல்சியசிலும், தீப்பற்றும் அளவு ஆவியை வெளியிடுகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. ஆதலால் அது மேலே சென்று கலைந்துவிடாமல் தரையோடு பரவிச் செல்லும். அடுத்த அறையில் எரியும் அடுப்பையோ பூசை விளக்கையோ அது எட்டக்கூடும். தொட்டியில் பெட்ரோல் உள்ள இயந்திரத்தை வீட்டுக்குள், சமையலறைக்கு அருகில், மாடிப்படியின் கீழ் வைக்காதீர்கள்.

எரிபொருளை ஊற்றுமுன் இயந்திரத்தை நிறுத்தி, குறைந்தது 15 நிமிடம் ஆறவிடுங்கள். சூடான சைலன்சரில் சிந்தும் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். திறந்த வெளியில், கேனைத் தரையில் வைத்து, தொட்டி வழியாதபடி ஊற்ற வேண்டும். சிந்தியதைத் துடைத்து, ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது இயந்திரத்தை நகர்த்திய பின்னரே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

மருத்துவர் என்ற முறையில் இரண்டு பழக்கங்களை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று, இரு சக்கர வாகனத்தின் தொட்டியிலிருந்து குழாய் விட்டு வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பது. உறிஞ்சும்போது ஒரு மிடறு மூச்சுக்குழலுக்குள் சென்றால் போதும், நுரையீரலில் கடும் அழற்சி உண்டாகும். சில மணி நேரம் கழித்தே மூச்சுத்திணறலும் காய்ச்சலும் தெரியக்கூடும். மற்றொன்று, குடிநீர்ப் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி வைப்பது. தாகத்தோடு வரும் குழந்தை அதை நீரென்றே எண்ணும். பெட்ரோலுக்கென்று உரிய கேன், எட்டாத உயரம், வெளிப்புறம் ஆகிய மூன்றையும் கடைப்பிடியுங்கள். யாரேனும் பெட்ரோலை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியின்போது அது நுரையீரலுக்குள் செல்லும் வாய்ப்பு மிகுதி. உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

மூடிய கொட்டகையிலோ கார் நிறுத்துமிடத்திலோ இயந்திரத்தை ஓட்டிச் சோதிக்கக் கூடாது. புகையோடு வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் ஆகியவையே அதன் முதல் அறிகுறிகள். அவற்றை உணர்ந்தால் உடனே திறந்த வெளிக்கு வந்துவிட வேண்டும்.

பராமரிப்பு: முதலில் பிளக் கம்பி

புல்வெட்டியில் தீப்பொறியை உண்டாக்கப் பெரும்பாலும் மின்கலம் தேவையில்லை. சுழலும் சக்கரத்தில் பதித்த காந்தமே அப்பணியைச் செய்கிறது. ஆகவே, நின்றிருக்கும் இயந்திரத்தின் கத்தியைக் கையால் திருப்பினாலும் சக்கரம் சுழன்று, பொறி தோன்றி, இயந்திரம் ஓர் உதறல் உதறக்கூடும். விரலை இழக்க அந்த ஒரு சுற்றே போதும். நிறுத்தும் அமைப்பு இதைத் தடுக்க வேண்டும் என்றாலும், பழைய இயந்திரத்தில் அதை நம்ப இயலாது. எனவே, அடைப்பை நீக்குமுன், கத்தியைத் தொடுமுன், இயந்திரத்தைச் சாய்க்குமுன், ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றி அது பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கி வைக்க வேண்டும். "ஒரு நிமிஷ வேலைதானே சார்" என்பதுதான் இதைத் தவிர்ப்பதற்குச் சொல்லப்படும் காரணம். கம்பியைக் கழற்றுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடைத்த புல்லைக் கையால் எடுக்காமல் ஒரு தடியால் தள்ளி எடுங்கள். இயந்திரத்தைச் சாய்க்கும்போது காற்று வடிகட்டியும் கார்புரேட்டரும் மேற்பக்கம் இருக்க வேண்டும். இல்லையேல் ஆயிலும் பெட்ரோலும் அவற்றுள் இறங்கும்.

கையேட்டில் குறித்த கால அளவே இறுதியானது. பொதுவாக, ஆயில் அளவை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். புதிய இயந்திரத்தின் முதல் ஆயிலை ஐந்து மணி நேர ஓட்டத்திற்குப் பின்னும், அதன்பின் 25 முதல் 50 மணி நேரத்திற்கு ஒரு முறையும் மாற்றுவது வழக்கம். காற்று வடிகட்டியை 25 மணி நேரத்திற்கு ஒரு முறை பார்த்துத் தூய்மை செய்யலாம். நம் புழுதிக்கு அதற்கு முன்பே செய்வது நல்லது. ஸ்பார்க் பிளக்கை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றலாம்.

மழுங்கிய கத்தி புல்லை வெட்டாமல் கிழிக்கும். இயந்திரமும் திணறும். கத்தியைத் தீட்டும்போது இரு முனைகளையும் சம அளவில் தீட்ட வேண்டும். தீட்டியபின் அதன் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம் மிகுதி என்று பொருள். சமநிலை இல்லாத கத்தி இயந்திரத்தை அதிரச் செய்யும். அந்த அதிர்வில் போல்ட்டுகள் தளரும். இயக்குபவரின் விரல்கள் மரத்துப்போகும். விரிசல் விட்ட, வளைந்த கத்தியை நிமிர்த்தியோ பற்றவைத்தோ மீண்டும் பொருத்தக் கூடாது. ஓட்டத்தில் அது உடைந்து பறக்கும். கல்லில் மோதியபின் இயந்திரம் வழக்கத்திற்கு மாறாக அதிர்ந்தால் உடனே நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இந்தியாவில் இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பல சிறு இயந்திரங்களின் கையேடுகள் 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்கின்றன. உங்கள் இயந்திரம் எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேட்டறியுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். பல வாரங்கள் தொட்டியில் கிடக்கும் பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரின் நுண்துளைகள் அடைபடும். ஸ்டார்ட் ஆகாத இயந்திரத்தைச் சினத்தோடு திரும்பத் திரும்ப இழுப்பதும், பாதியில் திறந்து நோண்டுவதும் தோள்பட்டைச் சுளுக்குக்கும் விரல் காயத்திற்கும் இட்டுச்செல்கின்றன. ஒரு மாதத்திற்கு மேல் பயன்படுத்தப்போவதில்லை எனில் தொட்டியை வெறுமையாக்கி வையுங்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால்

முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். உதவிக்கு ஓடிவந்தவரும் காயமுறக் கூடாது. 108 எண்ணுக்கு அழையுங்கள். தூய துணியைக் காயத்தின்மேல் வைத்து இடைவிடாது அழுத்துங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன்மேல் இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். அழுத்தியும் நிற்காமல் கையிலோ காலிலோ குருதி பீறிட்டால், காயத்திற்கு மேலே அகலமான துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். மெல்லிய கயிற்றால் கட்டாதீர்கள். விரல்களில் மோதிரமோ காலில் மெட்டியோ இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள்.

காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, சாம்பல் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். அவை அனைத்தையும் நாங்கள் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் கிருமி முந்திக்கொள்ளும். உள்ளே குத்தி நிற்கும் பொருளை இழுத்து எடுக்காதீர்கள். அறுவை தேவைப்படலாம் என்பதால் உண்ணவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள்.

விரலோ பாதத்தின் பகுதியோ துண்டானால் அதைத் தேடி எடுத்து வாருங்கள். தூய நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையைப் பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். துண்டான உறுப்பு நேரடியாகப் பனிக்கட்டியைத் தொட்டால் திசு உறைந்து அழிந்துவிடும். தசை மிகுந்த பகுதியை மீண்டும் இணைக்க ஏறக்குறைய ஆறு மணி நேரமே உண்டு. குளிர்ச்சியில் வைத்த விரலுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் கிடைக்கும். புல்வெட்டியில் நசுங்கிய உறுப்பை எல்லா வேளையிலும் இணைத்துவிட முடியாது என்பது உண்மை. ஆயினும் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அறுவை மருத்துவரே. இணைக்க இயலாத உறுப்பின் தோலும்கூடக் காயத்தை மூடப் பயன்படலாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைச் சிகிச்சைக்கென்றே தனித்துறை உள்ளது என்பதையும் அறிந்திருங்கள்.

கண்ணில் ஏதேனும் பட்டால் தேய்க்காதீர்கள். கண் கிழிந்ததாகவோ ஏதோ குத்தியிருப்பதாகவோ தோன்றினால் கழுவாமல், அழுத்தாமல், ஒரு காகிதக் கோப்பையை மேலே கவிழ்த்துக் கட்டி அழைத்து வாருங்கள். வேகமாக வந்த சிறு உலோகத்துகள், உள்ளே சென்ற சுவடு தெரியாமல் விழியின் உட்புறம் தங்கியிருக்கக்கூடும். "சுருக்கென்றது, பிறகு சரியாகிவிட்டது" என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சைலன்சர் சுட்ட இடத்தைக் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மண்பட்ட காயத்திற்கு, கடைசி வில்வாதத் தடுப்பூசி போட்டு ஐந்தாண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போட வேண்டும். எப்போது போட்டோம் என்ற நினைவே இல்லையெனில் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

வேலைக்கு அழைப்போரின் கடமை

நம் ஊர்களில் புல்வெட்டியைத் தள்ளுபவர் பெரும்பாலும் அதன் உரிமையாளர் அல்லர். நாள் கூலிக்கு வரும் தோட்டக்காரர், குடியிருப்புச் சங்கம் அழைத்த தொழிலாளி, பள்ளியின் உதவியாளர் ஆகியோரே அதைத் தள்ளுகின்றனர். காலணி இல்லை என்று சொல்லி வேலையை மறுக்கும் நிலையில் அவர்கள் இல்லை. ஒரு பாதம் போனால் அவர்களுக்கு இழப்பு பாதம் மட்டுமன்று. தொழிலும், பிள்ளைகளின் படிப்பும் அதனுடன் போகின்றன. அவர்களுக்குத் தரும் ஒரு இணைப் பூட்ஸும் ஒரு கண்ணாடியும் ஒரு காதடைப்பானும் மருத்துவமனையின் ஒரு நாள் செலவுக்கும் ஈடாகா. அவற்றை இயந்திரத்தோடு சேர்த்தே வாங்கி, இயந்திரத்தின் அருகிலேயே மாட்டி வையுங்கள். வேலை தொடங்குமுன் அவர்கள் அணிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். "மெதுவாகச் செய்யுங்கள், அவசரமில்லை" என்று ஒரு சொல் சொல்லுங்கள்.

இம்மடலை வீட்டிலுள்ளோர் படித்தபின் தூக்கி எறிந்துவிடாமல், உங்கள் குடியிருப்பின் தோட்டப் பணியாளருக்கும் படித்துக் காட்டுமாறு வேண்டுகிறேன். குறிப்பாக மூன்று செய்திகள் அவர் மனத்தில் நிற்க வேண்டும்: கைப்பிடிக் கம்பியைக் கட்டக் கூடாது, பிளக் கம்பியைக் கழற்றாமல் கத்தியின் பக்கம் கை போகக் கூடாது, பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது. இம்மூன்றையும் கடைப்பிடிக்கும் வீட்டிலிருந்து புல்வெட்டிக் காயத்தோடு எங்களிடம் ஒருவர் வருவது அரிதினும் அரிது.